உத்தம் சிங்கும் ஒரு பழைய ராணுவ ரிவால்வரும்

1974-ம் ஆண்டு ஜூலை மாதம் தில்லி விமான நிலையத்தில் ஒரு சவப்பெட்டி வந்திறங்கியது. அதை எதிர்கொள்ள அன்றைய காங்கிரஸ் தலைவர் சங்கர் தயாள் சர்மாவும் பஞ்சாப் முதல்வர் ஜெயில் சிங்கும் காத்திருந்தனர். பிரதமர் இந்திரா காந்தி அஞ்சலி செலுத்தினார். லண்டன் பென்டன்வில் சிறை வளாகத்தில் 34 ஆண்டுகள் புதைந்து கிடந்த உத்தம் சிங்கின் எலும்புகள் அப்பெட்டியில் இருந்தன. மனிதர் வந்து சேர்ந்தார். அவர் கையில் இருந்த ரிவால்வர் வரவில்லை. ஸ்காட்லாந்து யார்டு போலீசாரின் அருங்காட்சியகத்தில், அவருடைய நாட்குறிப்பு, கத்தி ஆகியவற்றோடு அது வைக்கப்பட்டுள்ளது.

அந்த ஆயுதத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைத் தூக்கியவரின் வரலாற்றோடு சேர்த்துப் படிக்கும்போதுதான், 1940 மார்ச் 13 அன்று லண்டன் காக்ஸ்டன் மண்டபத்தில் நடந்தது என்ன, நடக்காமல் போனது என்ன என்பது விளங்கும்.

ரயில்வே கேட் காவலாளியின் மகன்

பாட்டியாலா சமஸ்தானத்தைச் சேர்ந்த சுனாம் ஊரில் 1899 டிசம்பர் 26 அன்று பிறந்தவர் உத்தம் சிங். பெற்றோர் இட்ட பெயர் ஷேர் சிங். தந்தை தெஹல் சிங் ரயில்வே கேட் காவலாளி. தாய் முதலிலும், 1907-ல் தந்தையும் இறந்துவிட, சிறுவனும் அண்ணனும் அமிர்தசரஸ் மத்திய கால்சா அனாதை இல்லத்தில் சேர்க்கப்பட்டனர். உத்தம் சிங் என்ற பெயர் அங்கே கிடைத்தது. தச்சு போன்ற கைத்தொழில்களும் அங்கேதான் கைவந்தன. 1917-ல் அண்ணனும் இறந்தார். அதன் பின் அவருக்கென்று வீடும் இல்லை, உறவும் இல்லை. முதல் உலகப் போரின் கடைசிக் காலத்தில் அவர் ராணுவத்தின் தொழிலாளர் பிரிவில் சேர்ந்து மெசொபொட்டேமியாவில் வேலை செய்ததாக அண்மைக்கால ஆய்வுகள் கூறுகின்றன.

1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக்கில் கூடியிருந்தவர்களுக்கு அவர் தண்ணீர் வழங்கிக்கொண்டிருந்தார், குண்டடி பட்டார், ரத்தம் தோய்ந்த மண்ணை எடுத்துச் சபதம் செய்தார் என்பது பஞ்சாபில் ஒவ்வொரு குழந்தைக்கும் தெரிந்த கதை. உறுதியான ஆவணச் சான்று கொண்ட கதை அல்ல இது. ஆனால் அந்த ஊரில் வளர்ந்தவர், அந்த ஊர் மக்களைச் சொந்தமாகக் கருதியவர், அந்தப் படுகொலையை வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை என்பதில் ஐயமில்லை. அதற்கு மண்ணைத் தொட்ட சபதம் வேண்டியதில்லை.

இரண்டு டயர்கள்

தமிழில் எழுதும்போது ஒரு குழப்பம் நேர்வதுண்டு. சுட ஆணையிட்டவர் பிரிகேடியர் ஜெனரல் ரெஜினால்ட் டயர். அப்போது பஞ்சாப் மாகாணத்தின் துணை ஆளுநராக இருந்தவர் சர் மைக்கேல் ஓ டுவையர். இருவர் பெயரையும் டயர் என்றே நம் மேடைகளிலும் நூல்களிலும் எழுதிவிடுவதால், சுட்ட டயரையே உத்தம் சிங் சுட்டுப் பழிதீர்த்தார் என்று பலர் இன்றும் நம்புகின்றனர். ஜெனரல் டயர் 1927 ஜூலையிலேயே இங்கிலாந்தில் நோயுற்று இறந்துவிட்டார். உத்தம் சிங் சுட்டது ஓ டுவையரை.

இது தவறான ஆளைத் தேடிச் சென்ற கதை என்று எவரேனும் கருதினால் அது பிழை. 1913 முதல் 1919 வரை பஞ்சாபை இரும்புக் கரத்தால் ஆண்டவர் ஓ டுவையர். உலகப் போருக்கு அந்த மாகாணத்திலிருந்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் திரட்டப்பட்டது அவர் காலத்தில். 1915-ல் கதர் கட்சியின் எழுச்சித் திட்டத்தை ஒடுக்கியதும், 19 வயதுக் கர்த்தார் சிங் சராபா லாகூரில் தூக்கிலிடப்பட்டதும் அவர் ஆட்சியில்தான். டயரின் 50 துப்பாக்கி வீரர்கள் ஏறத்தாழ 10 நிமிடங்களில் 1,650 தோட்டாக்களைச் சுட்டுத் தீர்த்தனர். அரசுக் கணக்கில் மட்டும் 379 பேர் இறந்தனர். காங்கிரஸ் விசாரணையின் மதிப்பீடு ஆயிரத்தைத் தொட்டது. செய்தி லாகூருக்கு எட்டியதும் டயரின் நடவடிக்கைக்குத் துணை ஆளுநர் ஒப்புதல் அளித்ததாகத் தந்தி சென்றது. அதன்பின் ராணுவச் சட்டம் வந்தது. குஜ்ரன்வாலா மீது விமானத்திலிருந்து குண்டு வீசப்பட்டது. அமிர்தசரஸின் ஒரு தெருவில் இந்தியர்கள் வயிற்றால் ஊர்ந்து செல்லவேண்டும் என்ற ஆணை வந்தது.

பதவி முடிந்து இங்கிலாந்து சென்ற பிறகும் ஓ டுவையர் வாய்மூடி இருக்கவில்லை. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவிலிருந்து பஞ்சாப் கொடுமைகளைக் கண்டித்து 1919-ல் விலகியவர் சர் சி. சங்கரன் நாயர். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர், 1897-ல் காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவர். அவர் 1922-ல் வெளியிட்ட நூலில் பஞ்சாபில் நடந்த அட்டூழியங்களுக்கு ஓ டுவையரைப் பொறுப்பாக்கியிருந்தார். அதற்காக லண்டன் நீதிமன்றத்தில் மான நஷ்ட வழக்கு. 1924-ல் ஐந்து வாரங்கள் நடந்த விசாரணையில் நீதிபதி மெக்கார்டி, டயர் செய்தது சரியே என்று ஜூரிகளிடம் வெளிப்படையாகவே தெரிவித்தார். 12 ஜூரிகளில் 11 பேர் ஓ டுவையர் பக்கம் நின்றனர். சங்கரன் நாயர் 500 பவுன் நஷ்டஈடும் வழக்குச் செலவும் கட்டினாரே தவிர, மன்னிப்புக் கேட்கவில்லை. சட்டத்தின் வழியாக லண்டனில் நியாயம் கேட்ட ஒரே பெரிய முயற்சி அவ்வாறு முடிந்தது. அந்தத் தீர்ப்பு வந்த காலத்தில் உத்தம் சிங் அமெரிக்காவில் கூலி வேலை செய்துகொண்டிருந்தார்.

கடல் கடந்த தொழிலாளி

கிழக்கு ஆப்பிரிக்காவில் ரயில்வே வேலை, பிறகு அமெரிக்கா. கலிபோர்னியாவின் பஞ்சாபித் தொழிலாளர்களிடையே கதர் கட்சியின் செல்வாக்கு இருந்தது. உத்தம் சிங்கும் அதில் இணைந்தார். 1927-ல் தாயகம் திரும்பியபோது அமிர்தசரஸில் கைதானார். அவரிடம் ரிவால்வர்களும் தோட்டாக்களும், தடை செய்யப்பட்ட கதர் கட்சி வெளியீடுகளும் இருந்தன. ஆயுதச் சட்டப்படி ஐந்தாண்டுச் சிறை.

இந்த ஆயுதச் சட்டம் 1878-ல் வந்தது. உரிமம் இல்லாமல் இந்தியர் எவரும் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்றது; ஐரோப்பியருக்கோ நெடுங்காலம் விலக்கு அளித்தது. ஒரு நாட்டு மக்களை முழுமையாக நிராயுதபாணி ஆக்கிய சட்டம் என்று காங்கிரசின் தொடக்க கால மாநாடுகளிலேயே அது கண்டிக்கப்பட்டது. புரட்சியாளர்களின் வரலாற்றில் கைத்துப்பாக்கி ஏன் இத்தனை பெரிய இடம் பிடிக்கிறது என்பதற்கு இச்சட்டமும் ஒரு காரணம். ஒரு ரிவால்வர் கிடைப்பதே அவர்களுக்கு ஒரு போராட்டம்.

பகத் சிங் 1931 மார்ச் 23 அன்று தூக்கிலிடப்பட்டபோது உத்தம் சிங் சிறையில் இருந்தார். அவரைத் தமது குருவாகவே கடைசி வரை கருதினார். அந்த ஆண்டு அக்டோபரில் விடுதலையாகி, அமிர்தசரஸில் பெயர்ப்பலகை எழுதும் கடை நடத்தினார். 1933-ல் லாகூரில் கடவுச்சீட்டு பெற்று, 1934-ல் இங்கிலாந்து சேர்ந்தார். அங்கே ஆறு ஆண்டுகள். தெருத்தெருவாகத் துணி விற்றார், தச்சு வேலை செய்தார், மின்பணி செய்தார். அலெக்சாண்டர் கோர்டாவின் திரைப்படங்களில் கூட்டத்தோடு நிற்கும் துணை நடிகராகவும் தோன்றினார். கோவென்ட்ரி நகரின் பஞ்சாபித் தொழிலாளர்களுடன் தொடர்பு வைத்திருந்தார். இந்தியர்களைக் கண்காணித்த உளவுப் பிரிவில் அவருக்கு ஒரு கோப்பும் இருந்தது. பேச்சும் சிரிப்புமாகப் பழகும் இந்த மனிதரால் பெரிய ஆபத்து எதுவும் வராது என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

பழிவாங்க 21 ஆண்டுகள் காத்திருந்தவர் என்று அவரைச் சித்திரிப்பது வழக்கமாகிவிட்டது. ஆறு ஆண்டுகள் ஒரே நாட்டில் இருந்தும் அவர் ஏன் முன்பே சுடவில்லை என்ற கேள்வியை இந்தச் சித்திரம் விழுங்கிவிடுகிறது. விடையின் ஒரு பகுதி ஆயுதத்தில் இருக்கிறது.

போரின் மிச்சம்

இங்கிலாந்தில் 1920-ம் ஆண்டுச் சட்டப்படி, கைத்துப்பாக்கி வைத்திருக்கக் காவல்துறைத் தலைவரிடம் சான்றிதழ் பெறவேண்டும். போலீஸ் கோப்பில் பெயருள்ள ஓர் இந்தியத் தொழிலாளிக்கு அது கனவிலும் கிடைக்காது. எனினும் நாடெங்கும் சட்டத்துக்குத் தெரியாமல் ஆயிரக்கணக்கான ரிவால்வர்கள் இருந்தன. அவை முதல் உலகப் போரின் மிச்சம். போர் முடிந்து ஊர் திரும்பிய அதிகாரிகளும் வீரர்களும் பெட்டிகளிலும் அலமாரிகளிலும் போட்டுவைத்தவை. கைமாறி கைமாறி உலவியவை. மதுக்கடை ஒன்றில் சிப்பாய் ஒருவரிடம் தமது ரிவால்வரை வாங்கியதாக உத்தம் சிங் போலீசாரிடம் தெரிவித்தார்.

அது அமெரிக்காவின் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனத்தின் .455 ரிவால்வர். அமெரிக்கத் துப்பாக்கி பிரிட்டிஷ் ராணுவத்துக்கு எப்படி வந்தது? 1914-ல் போர் மூண்டபோது பிரிட்டனின் சொந்த வெப்ளி ரிவால்வர் போதவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஸ்மித் அண்டு வெஸ்ஸன் ஆலைக்கு ஆர்டர் சென்றது. 1917-ல் அமெரிக்காவே போரில் இறங்கி ஆலை அந்நாட்டு ராணுவத்துக்குத் திரும்பும் வரை, எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ரிவால்வர்கள் இந்த வகையில் செய்யப்பட்டன.

வெப்ளி நடுவில் கீல் வைத்து மடிவது. ஸ்மித் அண்டு வெஸ்ஸனில் சட்டம் ஒரே துண்டு. கட்டை விரலால் ஒரு தாழை முன்னே தள்ளினால் ஆறு அறைகள் கொண்ட உருளை இடப்பக்கம் வெளியே வரும். அதன் முன்னுள்ள கம்பியை அழுத்தினால் வெற்றுத் தோட்டாக்கள் ஆறும் ஒருசேர விழும். முதலில் வந்த ஐயாயிரத்துச் சொச்சம் ரிவால்வர்களில் உருளையை மூன்று இடங்களில் பூட்டும் நுட்பமான அமைப்பு இருந்தது. துப்பாக்கி செய்வோர் இன்றும் வியக்கும் வேலைப்பாடு. ஆனால் பதுங்குகுழிச் சேறு அதற்குள் புகுந்து சிக்கிக்கொள்ளும் என்று பிரிட்டிஷ் ராணுவம் அஞ்சியது. மூன்றாவது பூட்டும் கம்பியை மூடியிருந்த உறையும் நீக்கப்பட்டன. எளிமையான அந்த இரண்டாம் வடிவமே பெருமளவில் தயாரானது. விசையை இழுத்தால் போதும். உருளை ஓர் அறை சுழல, சுத்தி எழுந்து விழ, குண்டு பாயும். எடை ஒரு கிலோவுக்கு மேல், நீளம் ஏறக்குறைய ஓர் அடி.

.455 என்ற அளவுக்கும் ஒரு பின்னணி இருக்கிறது. ஆப்பிரிக்காவிலும் இந்தியாவின் வடமேற்கு எல்லையிலும் வாளோடு பாய்ந்து வருபவரைச் சிறு குண்டு நிறுத்தாது என்று கருதிய பிரிட்டிஷ் ராணுவம், கனமான, மெதுவாகச் செல்லும் பெரிய குண்டை விரும்பியது. 1887-ல் வெப்ளி ரிவால்வர் ராணுவத்தில் சேர்க்கப்பட்ட காலம் முதல் இந்தப் பெருவாய் அளவுகளே நிலைத்தன. உடலில் விரிந்து கிழிக்கும் குழிமுனைக் குண்டு ஒன்றையும் இதற்கென உருவாக்கினர். 1899-ல் ஹேக் மாநாடு அத்தகைய குண்டுகளைத் தடை செய்ததால் அது விலக்கப்பட்டது. கல்கத்தா அருகே டம்டம் ஆலையில் செய்த ரைபிள் குண்டு உலகப் பழிச்சொல் ஆனதும் அதே காலத்தில்தான். குடிமக்களாகக் கருதாதவர்களைச் சுட வடிவமைத்த அளவு இது. அந்த வகை ஆயுதம் சுற்றி வந்து ஓர் இந்தியத் தொழிலாளியின் கோட்டுக்குள் நுழைந்தது.

காக்ஸ்டன் மண்டபம்

1940 மார்ச் 13 பிற்பகல். கிழக்கிந்தியச் சங்கமும் ராயல் மத்திய ஆசியச் சங்கமும் சேர்ந்து நடத்திய கூட்டம். ஆப்கானிஸ்தான் குறித்து சர் பெர்சி சைக்ஸ் உரையாற்றினார். தலைமை, இந்தியாவுக்கான அமைச்சர் செட்லண்ட் பிரபு. 75 வயது ஓ டுவையர் முன்வரிசைக்காரர்களுள் ஒருவர். கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்த வேளையில் உத்தம் சிங் மிக அருகில் வந்து சுட்டார். ஆறு அறைகளும் காலியாயின. இரு குண்டுகள் ஓ டுவையர் மீது பாய்ந்தன. அவர் அங்கேயே இறந்தார். செட்லண்ட் பிரபுவுக்கு விலாவில் லேசான காயம். பஞ்சாபின் முன்னாள் துணை ஆளுநர் சர் லூயிஸ் டேனுக்குக் கை முறிந்தது. பம்பாயின் முன்னாள் ஆளுநர் லாமிங்டன் பிரபுவுக்குக் கையில் காயம். வெளியேற முயன்றவரைக் கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு பெண்மணி மறிக்க, மற்றவர்கள் பிடித்துக்கொண்டனர். பையில் இன்னும் பல தோட்டாக்களும் ஒரு கத்தியும் இருந்தன.

தாள்களை வெட்டிக் குடைந்த புத்தகத்துக்குள் ரிவால்வரை மறைத்து எடுத்துச் சென்றார் என்று திரைப்படங்களும் மேடைப் பேச்சுகளும் கூறுகின்றன. ஓர் அடி நீளமுள்ள இந்த ராணுவ ரிவால்வரை விழுங்க அகராதி அளவு புத்தகம் வேண்டும். குளிர் விலகாத மார்ச் மாதத்தில், பெரிய கோட்டு அணிந்து வருபவர்கள் நிறைந்த கூட்டத்துக்கு அப்படி ஒரு புத்தகம் தேவையே இல்லை.

அவ்வளவு நெருக்கத்தில், அவ்வளவு பெரிய ரிவால்வரால் நால்வர் சுடப்பட்டும் மூவர் எப்படிப் பிழைத்தனர்? நீதிமன்றத்தில் ஆயுத வல்லுநர் இதற்கு விளக்கம் தந்தார். ரிவால்வர் .455, உத்தம் சிங் நிரப்பியிருந்ததோ.44 தோட்டாக்கள், அதுவும் மிகப் பழையவை. குழலின் உட்சுற்றை விடக் குண்டு சிறிது என்றால், வெடிமருந்தின் வாயு குண்டைத் தள்ளாமல் அதன் ஓரங்களில் கசிந்து போகும். குழலின் உள்ளே வெட்டப்பட்ட சுருள் வரிகள் குண்டைப் பற்றிச் சுழற்றமாட்டா. வேகமும் குறையும், நேர்மையும் கெடும். நாள்பட்ட மருந்து அந்த வேகத்தை மேலும் தின்றுவிடும். ஆகவே ஏறத்தாழ உடலைத் தொடும் தூரத்தில் சுடப்பட்ட குண்டு கொன்றது. சற்றுத் தள்ளி நின்றவரிடம் காயத்தோடு நின்றுபோனது. சரியான தோட்டா இருந்திருந்தால், போர் நடுவே இந்தியாவுக்கான அமைச்சரே கொல்லப்பட்டிருப்பார். அதன் விளைவு இந்தியாவில் என்னவாக இருந்திருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

ரிவால்வர் கிடைத்தும் அதற்குரிய தோட்டா கிடைக்காத நிலையையே இது காட்டுகிறது. பெரும் சதியின் கருவி என்று சந்தேகித்த போலீசாருக்கு, அந்தப் பொருந்தாத தோட்டாக்களே வேறு கதை கூறியிருக்க வேண்டும். பணமும் அமைப்பும் பின்னால் நின்றிருந்தால், இத்தனை சில்லறையாகச் சேர்த்த ஆயுதத்தோடு ஒருவர் வந்திருக்கமாட்டார்.

மூடப்பட்ட வாய்

போலீசாரிடம் அவர் கொடுத்த பெயர் முகமது சிங் ஆசாத். மூன்று சமயத்தையும் ஒன்று சேர்த்த ராம் முகமது சிங் ஆசாத் என்ற பெயரே இன்று சிலைகளிலும் சுவர்களிலும் காணப்படுகிறது. பிரிக்ஸ்டன் சிறையில் 42 நாட்கள் உண்ணாவிரதம் இருந்தார். வலுக்கட்டாயமாக உணவு செலுத்தினர். ஜூன் 4 அன்று ஓல்டு பெய்லியில் நீதிபதி அட்கின்சன் முன்னிலையில் விசாரணை தொடங்கியது. வழக்கறிஞர் செயின்ட் ஜான் ஹட்சின்சன். அவருக்குத் துணையாக வி.கே. கிருஷ்ண மேனன். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர், அப்போது லண்டனில் இந்தியா லீகின் முகமாக விளங்கியவர், பின்னாளில் பாதுகாப்பு அமைச்சர்.

எதிர்ப்பைக் காட்ட மட்டுமே எண்ணினார், யாரையும் கொல்ல அல்ல, கை தட்டிவிடப்பட்டதால் குண்டு பாய்ந்தது என்பது எதிர்வாதம். ஆறு குண்டுகளும் காலியான நிலையில் ஜூரிகள் அதை ஏற்கவில்லை; இரண்டே நாளில் மரண தண்டனை. ஆனால் தீர்ப்புக்குப் பின் கூண்டில் நின்று அவர் ஆற்றிய உரை இந்த எதிர்வாதத்தோடு ஒட்டவில்லை. ஏகாதிபத்திய ஆட்சியை அவர் நேருக்கு நேர் சாடினார். நீதிபதி இடைமறித்தார், அவ்வுரையைப் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது என ஆணையிட்டார். பிரிட்டனில் வாழும் இந்தியத் தொழிலாளர் அமைப்புகள் நீண்ட காலம் வற்புறுத்திய பிறகு 1996-ல்தான் அது வெளிவந்தது. தம்மைத் தூக்கிலிருந்து காக்கக்கூடிய கதையை வழக்கறிஞர்களிடம் விட்டுவிட்டு, தாம் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தவர் என்றே அதைப் படிக்கும்போது தோன்றுகிறது.

தாயகத்தில் அன்று அவருக்குக் கிடைத்த வரவேற்பு ஒரே விதமாக இல்லை. காந்தியடிகள் அச்செயலைக் கண்டித்து, அதை மதியிழந்த செயலாகக் கருதி வருந்தினார். நேருவும் கொலையை ஏற்கவில்லை. அகிம்சையை நெறியாகக் கொண்ட இயக்கம் வேறு விதமாகப் பேசியிருக்க முடியாது. ஆயினும் பஞ்சாபில் அமைதியாகவும், பிற இடங்களில் சற்று வெளிப்படையாகவும் மக்கள் வேறொன்றை உணர்ந்தனர். 1920-ல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை டயருக்கு ஆதரவாக 129-க்கு 86 என வாக்களித்ததையும், மார்னிங் போஸ்ட் நாளிதழ் அவருக்காக 26,000 பவுன் நிதி திரட்டியதையும் அவர்கள் மறக்கவில்லை.

1940 ஜூலை 31 அன்று பென்டன்வில் சிறையில் உத்தம் சிங் தூக்கிலிடப்பட்டு, சிறை வளாகத்திலேயே புதைக்கப்பட்டார். வயது 40.

சரியாக 34 ஆண்டுகள் கழித்து, 1974 ஜூலை 31 அன்று சுனாமில் அவருக்கு எரியூட்டினர். அஸ்தி சட்லஜ் நதியில் கரைக்கப்பட்டது. அந்த ஊர் இன்று சுனாம் உத்தம் சிங் வாலா. உத்தரகண்டில் ஒரு மாவட்டத்துக்கு அவர் பெயர். ஜாலியன்வாலா பாக் நுழைவாயில் அருகே 2018 மார்ச் 13 அன்று அவரது சிலை திறக்கப்பட்டது. உள்ளங்கையில் மண்ணை ஏந்தி நிற்கும் கோலம்.

ரிவால்வரையும் நாட்குறிப்பையும் திருப்பித் தரவேண்டும் என்ற கோரிக்கை பஞ்சாபிலிருந்து பலமுறை எழுந்துள்ளது. அவை வைக்கப்பட்டுள்ள ஸ்காட்லாந்து யார்டு அருங்காட்சியகம் போலீசாரின் பயிற்சிக்காக அமைக்கப்பட்டது. பொதுமக்களுக்கு அங்கே அனுமதி கிடையாது.